பிடித்தம்

பகாவ் எண்ணெய் ஆலையில் சம்பளக் கணக்கு எழுதுகிறேன்.
என் திரையில் பிடித்தம் என்றால் ஒரே பொருள்தான்.
சேமநிதி, சொக்சோ, சங்கச் சந்தா,
முன்பணம், கூட்டுறவுக் கடை.
எல்லாம் கழிந்து வலது ஓரத்தில் நிற்கும் எண்ணை
மாதம் ஏழாம் தேதி
சொந்தக்காரர்கள் போய் எடுத்துக்கொள்வார்கள்.

சொந்தக்காரர்கள் என்றது பாதிதான் சரி.
பேருந்து நிலையத்துக்கு எதிரே, வங்கி இயந்திரத்தில்
முதல் ஆளாகக் குணாளன் நிற்பான்.
கையில் பதினான்கு அட்டைகள், ரப்பர் வளையம் போட்டு.
(இந்த ஊரில் ரப்பர் மிஞ்சியிருப்பது அந்த வளையத்தில்தான்.)
இரகசிய எண்கள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம்.
வட்டியை உருவிக்கொண்டு
பின்னால் நிற்பவரிடம் மீதியை நீட்டுவான்,
மொய் வைப்பதுபோல, இரு கையால்.

மதலைமுத்து குலை வெட்டுகிறவர்.
மூன்று மாதம் பிரிக்காத கடிதத்தை
மீன் வாங்கிய பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
"முத்திரை இருந்துச்சு. பிரிச்சாத்தானே வந்ததா அர்த்தம்?"
மச்சானின் மோட்டார் சைக்கிளுக்குப் போட்ட ஜாமீன்.
மச்சான் ஜொகூரில்.
மோட்டார் சைக்கிள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.
கையெழுத்து மட்டும் இங்கேயே இருக்கிறது.

"கோர்ட்டுக்குப் போனா உள்ள போட்டுருவாங்களா?"
"போனா கேப்பாங்க. போகலன்னா அவங்களே எழுதிக்குவாங்க."

சாப்பாட்டு நேரத்தில், ஒரு தாளின் பின்பக்கம்,
அவருடைய மாதத்தை எழுதினோம்.
அரிசி. கேஸ் தோம்பு. சின்னவளின் பள்ளி வேன்.
மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை, ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளி,
போய்வர டாக்சி நாற்பது.
பாதிக்கு மேல் பிடிக்கச் சட்டம் விடாது என்றேன்.
சேமநிதியில் கடன்காரன் கைவைக்க முடியாது என்றேன்.
தலையாட்டினார்,
வேறு யாருடைய சம்பளத்தைப் பற்றியோ கேட்பதுபோல.
கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.
"நாலு நம்பர், வாரம் பன்னெண்டு வெள்ளி. அதையும் எழுதும்மா.
நீ கேக்கல. ஆனா அதுவும் போவுது."

நீதிபதி அந்த வரியில் ஒரு கணம் நின்றாராம்.
மாதம் நூற்றைம்பது என்று முடித்தாராம்.
"நானே கட்டுறேன்னு சொல்லிட்டேன்,"
என்றார் மதலைமுத்து, "நானே" என்பதை அழுத்தி.

பிறகு அட்டை.
வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்தார்.
என் பக்கம் பெரிய வேலை இல்லை:
பழைய எண்ணை அழித்துப் புதியதை அடித்தேன், பன்னிரண்டு தட்டு.
ஏழாம் தேதி குணாளனுக்கு
பதின்மூன்று அட்டை பணம் கொடுத்தது.
ஒன்றை மூன்று முறை நுழைத்துப் பார்த்தானாம்.
எட்டாம் தேதி மதலைமுத்து வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம்.
ஒன்பதாம் தேதி போலீசில் புகார்.
பத்தாம் தேதி வேலைக்கு வந்துவிட்டார்,
நகக்கண்ணில் சிவப்போடு.

சம்பளச் சீட்டை நான்காக மடித்தவர்
போகாமல் நின்றார்.
"மேலேருந்து ஆறாவது அட்டை," என்றார்.
"மீன் ஸ்டிக்கர் ஒட்டுனது.
ரெண்டு வருசமா அவன் பின்னால நின்னு பாக்குறேன்.
யாருதுன்னு தெரியும். கேட்டதில்ல."

ஆலைச் சங்கு ஊதியது. அவர் போய்விட்டார்.

அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கியது ஆறாயிரம்.
இதுவரை கட்டியது பதினோராயிரம்.
இன்னும் பாக்கி ஆறாயிரம்.
ஊருக்கே சரிபார்த்துக் கொடுக்கிறேன்,
இந்தக் கூட்டல் மட்டும்
எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

பணியாளர் எண் 0417. என் வரி.
திறந்தேன். மூடினேன்.

விடுப்புப் படிவம் ஒன்றை உருவினேன்:
வெள்ளிக்கிழமை, அரைநாள்.
காரணம் என்ற கட்டத்தில் 'கணக்கு' என்று எழுதி,
மேனேஜருக்குப் புரியாதே என்று
பக்கத்தில் 'வங்கி' என்று சேர்த்தேன்.

எங்கள் வீட்டுக் கதவு வெள்ளை.
போன தீபாவளிக்கு நான் அடித்தது.